27 வருடம் கேஷ் கவுண்டர், 14 மாதம் கல்வெட்டு: வேலையை விடலாமா?

குடந்தைக் காசாளர் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 48 வயதில், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வங்கி வேலையை, வீட்டில் எந்தக் கஷ்டமும் இல்லாதபோது, "எனக்கு வேறு ஒன்று பிடித்துவிட்டது" என்ற ஒரே காரணத்துக்காக விட்டவர்கள் இங்கே யாராவது உண்டா? விட்ட பிறகு என்ன ஆயிற்று?

நான் கும்பகோணத்தில் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க். அப்பாவும் இதே வங்கியில்தான் இருந்தார். 1997இல் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். நான் அப்போது பி.எஸ்சி. கணிதம் முடித்து, பி.எட்.டுக்கு விண்ணப்பம் வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். எனக்குக் கீழே ஒரு தம்பி, ஒரு தங்கை. கருணை அடிப்படையில் வேலை தருவதாகச் சொன்னார்கள். என்னை யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். பெரியப்பா கேட்டார், "என்னம்மா, போறியா?" என்று. கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். 1998இல் சேர்ந்தேன்.

வேலை மோசம் என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே செய்கிறேன். 2016 நவம்பர் 10ஆம் தேதி, பழைய நோட்டு மாற்ற வங்கி திறந்த முதல் நாள், காலை எட்டு மணிக்கே வரிசை தெருமுனை தாண்டிப் போயிருந்தது. அன்றைக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாமல் கணக்கை முடித்தேன். அந்தப் பெருமை இன்றும் உண்டு.

ஆனால் பெருமைப்படும்படியான நாள் 27 வருடத்தில் எத்தனை? எங்கள் கிளையில் நகைக்கடன் அதிகம். ஆடி மாதம் வந்தால் நடவுச் செலவுக்குப் பெண்கள் வருவார்கள். கழுத்தில் இருக்கும் சங்கிலியைக் கவுண்டரிலேயே கழற்றி, தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, சங்கிலியை மட்டும் நீட்டுவார்கள். மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்து எடை போடுவார். நான் பையில் போட்டுச் சீட்டுக் கட்டுவேன். அடுத்த வருடம் அதே சங்கிலி, அதே கொக்கியில் அதே நெளிசல். முகத்தைவிடச் சங்கிலியை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

பதவி உயர்வு மூன்று முறை வந்தது. மூன்று முறையும் 'விருப்பமில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் ஆனால் ஊர் மாற்றுவார்கள். முதல் முறை மகளுக்கு மூன்று வயது. இரண்டாவது முறை மாமியார் படுத்த படுக்கை. மூன்றாவது முறை மகள் பிளஸ் டூ. மூன்றுமே உண்மையான காரணங்கள், யார் மேலும் குறை இல்லை. இப்போது மாமியார் இல்லை. மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். அடுத்த சுற்றறிக்கை மேசைமேல் இருக்கிறது. இந்த மாதம் 28ஆம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த முறை சொல்லக் காரணம் இல்லை. அதுதான் சிக்கலே.

சரி, கல்வெட்டுக்கு வருகிறேன்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. நோட்டு எண்ண முடியாது, தோசை திருப்ப முடியாது. காலையில் வீட்டில் இருந்தால் என் வீட்டுக்காரர் சமைக்கும் சத்தம் தாங்காது (பாத்திரக்கடை வைத்திருப்பவர், ஆனால் வீட்டுப் பாத்திரத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது). அதனால் நாகேஸ்வரன் கோவிலுக்கு நடந்துபோய் உட்கார்ந்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து சுற்றிய பிராகாரம். சுவரில் எழுத்து இருப்பது தெரியும். அது எனக்கானது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தினமும் வருவார். கையில் ஒரு டார்ச். கல்லுக்கு நேராக அடிக்க மாட்டார். சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் அடிப்பார். அப்போதுதான் வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். "கட்டுப் போட்ட கையோடு சும்மாதானே இருக்கீங்க, இதைப் படிங்க பார்ப்போம்" என்றார். கூட்டல் குறி மாதிரி ஒன்று இருந்தது. அது 'க' என்றார். பக்கத்தில் ஒரு கோடு. நான் 'ர' என்றேன். "ரவும் அதுதான், காலும் அதுதான். இடம் பார்த்துப் பிரிக்கணும்" என்றார். கரசு? காசு!

நான் என் வாழ்க்கையில் முதன்முதலாகப் படித்த கல்வெட்டுச் சொல் காசு. கேஷியருக்கு வேறு எது கண்ணில் படும் என்று வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

கட்டுப் பிரித்த பிறகும் விடவில்லை. ஞாயிறுதோறும் ஐந்தாறு பேர் ஊர் ஊராகப் போகிறோம். பழையாறை, கோனேரிராஜபுரம், புள்ளமங்கை, திருவிடைமருதூர். கல்வெட்டில் புள்ளி கிடையாது, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகும். அதில் இருப்பது என்ன தெரியுமா? நான் தினமும் செய்யும் வேலைதான். இன்னார், இன்ன ஊர், இவ்வளவு பொன், இவ்வளவு பொலிசை, அதாவது வட்டி. தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜன் காலத்தில் ஊர்ச்சபைகளிடம் கொடுத்து வைத்த முதலுக்கு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. எட்டில் ஒன்று, அதாவது பன்னிரண்டரை சதவீதம். இதைப் படித்த அன்று ஃபிக்சட் டெபாசிட் போட வந்த ஒரு தாத்தாவிடம் சொல்லித் தொலைத்தேன். "அப்ப அங்கேயே போட்டுடலாமே" என்றார்.

அணையா விளக்கு ஒன்று எரிக்க 96 ஆடு கொடுப்பார்கள். பெற்றுக்கொண்ட இடையர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வந்து எண்ணிக்கை நிரம்பிவிடும் என்பது கணக்கு. முதலைத் தொடாமல் வட்டியில் தர்மம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். 48 வயதில் அப்படித் தூக்கம் கெட்டது எனக்கே புதுசு.

இப்போது வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படிக்கலாமா என்று ஓடுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "அது உங்கப்பா உயிரைக் கொடுத்து வாங்கித் தந்த உத்தியோகம்" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை. வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். இந்த 'உன் இஷ்டம்' என்ற சொல்லைவிட உதவாத சொல் தமிழில் இல்லை. என் இஷ்டம் என்னவென்று தெரிந்தால் நான் ஏன் இங்கே வந்து கேட்கப் போகிறேன்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருட்டு மாங்காய் போல் கிடைப்பதால்தான் இனிக்கிறதா என்று ஒரு சந்தேகம் வேறு.

---

ஸ்கேல் டூ எழுதியது:

சகோதரி, நான் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மனசு விஷயத்தை மற்றவர்கள் பேசட்டும், நான் கணக்கைச் சொல்கிறேன்.

1998இல் சேர்ந்தவர் என்றால் நீங்கள் பழைய பென்ஷனில் இருப்பீர்கள். 2010 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவர்களுக்குத்தான் புதிய திட்டம். 20 வருடம் முடித்தவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். முழுப் பென்ஷனுக்கு 33 வருட சர்வீஸ் வேண்டும். விருப்ப ஓய்வில் போகிறவருக்கு ஐந்து வருடம் வரை கூட்டிக்கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. 27உம் 5உம் 32. ஆக, பென்ஷனில் பெரிய அடி விழாது.

அடி விழும் இடம் வேறு. வங்கியில் அடுத்தடுத்த ஒப்பந்தத்தில் சம்பளம் ஏறும்போது ஏற்கெனவே ஓய்வு பெற்றவரின் அடிப்படைப் பென்ஷன் ஏறுவதில்லை. பஞ்சப்படி மட்டும்தான். இன்று போனால் இன்றைய அடிப்படையிலேயே 80 வயது வரை உட்கார வேண்டியிருக்கும். இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. வேலையில் இருக்கும்வரை வங்கி கட்டுகிறது. ஓய்வு பெற்றால் பிரீமியம் உங்கள் கையிலிருந்து. என் வீட்டில் வருடா வருடம் நவம்பரில் அந்தத் தொகையைப் பார்த்து நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

விடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சம்பளமில்லா நீண்ட விடுப்பு என்னென்ன வகையில் கிடைக்கும் என்று உங்கள் மனிதவளப் பிரிவில் எழுத்துமூலம் கேளுங்கள். பெண் ஊழியர்களுக்கென்று தனியாகவே சில வங்கிகளில் இருக்கிறது. சங்கத்துக்காரர்களிடம் வாய்மொழியாகக் கேட்காதீர்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள்.

---

மாசக்கடைசி எழுதியது:

தப்பாக நினைக்க வேண்டாம். ஒன்றாம் தேதி சம்பளம் கியாரண்டியாக வருகிறவர்களுக்குத்தான் இந்தத் தேடல் எல்லாம் வருகிறது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எனக்கும் பிடித்தது என்று ஒன்று இருந்தது. என்னவென்று மறந்துவிட்டது. அக்கா, உங்கள் சீட்டுக்கு எத்தனை ஆயிரம் பேர் பரீட்சை எழுதுகிறார்கள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை கல்லைப் பாருங்கள், திங்கட்கிழமை வேலைக்குப் போங்கள். இதில் என்ன குழப்பம்?

---

2001 விஆர்எஸ் எழுதியது:

"விட்டவர்கள் உண்டா" என்று கேட்டதால் எழுதுகிறேன். நான் உண்டு.

2000, 2001இல் வங்கிகள் எல்லாம் மொத்தமாக விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. நாடு முழுக்க லட்சத்துக்கு மேல் போனார்கள். நான் அப்போது 46. எனக்கு மிருதங்கம் பைத்தியம். சின்ன வயதில் நான்கு வருடம் கற்றுக்கொண்டு விட்டது. பணம் வந்த அடுத்த வாரம் தஞ்சாவூர் போய்ப் பலா மரத்தில் நல்ல வாத்தியமாகப் பார்த்து வாங்கினேன். வாத்தியார் பிடித்தேன். காலை ஆறு மணிக்குச் சாதகம் என்று அட்டவணை போட்டேன்.

முதல் மாதம் ஆறு மணி. இரண்டாம் மாதம் எட்டு மணி. அப்புறம் காபி குடித்துவிட்டு. அப்புறம் பேப்பர் படித்துவிட்டு. ஆபீசில் இருந்தபோது மாலை ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது ஒரு குஷி இருக்கும் பாருங்கள், அந்த ஐந்தரை மணி என் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. நாள் முழுக்க ஐந்தரை மணியாகவே இருந்தது. எட்டாவது மாதம் வாத்தியார் தானாகவே வருவதை நிறுத்தினார். மிருதங்கம் இப்போது பரணில். பேரன் விளையாட எடுத்தால் மட்டும் கோபம் வருகிறது.

உங்களுக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு மிருதங்கம் வாசிக்க ஆசை இல்லை, மிருதங்கம் வாசிக்கிறவனாக இருக்க ஆசை. அது வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது. நீங்கள் ஒரு வரிக்கு அரை மணி நேரம் குனிந்து நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதுகு வலித்ததா, இல்லையா? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

---

கொள்ளிடக்கரை எழுதியது:

அக்கா, நான் கவுண்டருக்கு இந்தப் பக்கத்து ஆள். எங்கள் அம்மா வருடா வருடம் சங்கிலி வைத்தவர். அதை வைத்துத்தான் நான் பாலிடெக்னிக் முடித்தேன். வேறு ஊர், வேறு வங்கி. அங்கே ஒரு அம்மா இருந்தார். மற்றவர்கள் எல்லாம் "நாப்பத்திரண்டாயிரம், யாரு?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார்கள். அவர் மட்டும் தொகையைச் சீட்டின் பின்னால் பென்சிலில் எழுதி அம்மா பக்கம் திருப்பிக் காட்டுவார். வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் நிற்பார்கள், அதனால். அம்மா இப்போதும் அவரைப் பற்றிப் பேசுவார். பெயர்கூடத் தெரியாது.

வேலையில் இருங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நெளிந்த கொக்கியை ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று நீங்கள் ஏதோ குறைபோல் எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை.

---

கல்லெழுத்து எழுதியது:

அம்மா, நான் இந்தத் துறையில் முப்பது வருடம் இருந்தவன். மைப்படி எடுத்து எடுத்துக் கை கறுத்தவன். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். நல்ல வெயிலில் தாள் காய்ந்து உரிந்துவிடும், காற்றில் கிழிந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு உருப்படியாக வந்தால் பெரிது. எங்களுக்கும் பில், பயணப்படி, மேலதிகாரி எல்லாம் உண்டு. கல்வெட்டு உத்தியோகமானால் அதிலும் திங்கட்கிழமை வரும்.

பட்டயம், பட்டம் படிப்பது நல்லது. தொலைநிலையில் படிக்க வழி இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். ஆனால் உங்களிடம் இருப்பது எங்களில் பலரிடம் இல்லை. நான் பொலிசைக் கணக்கை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். வட்டி விகிதம் என்று குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். முதலைத் தொடக்கூடாது, வட்டி நெல்லாக வர வேண்டும், அளக்கத் தவறினால் யார் பொறுப்பு என்பதெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்தவருக்குத்தான் கண்ணில் படும். பெரிய கோவிலில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோவில் பணிக்கு அமர்த்திய ஆடல் பெண்கள், 400 பேரின் பட்டியல் இருக்கிறதே, தெரு, சிறகு (தெருவின் பக்கம்), வீட்டு வரிசை, முன்பு இருந்த கோவில், பெயர், பங்கு ஒன்று என்று. தலைவீட்டில் சேரமங்கை. அதை ஒரு முறை லெட்ஜர் படிப்பது போலப் படித்துப் பாருங்கள். படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எனக்காகக் கேட்கிறேன்.

---

குடந்தைக் காசாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

2001 விஆர்எஸ் ஐயா, முதுகு வலித்தது. பழையாறையில் அன்று மூன்று வரி படித்துவிட்டு நிமிர முடியவில்லை, அடுத்த நாள் கவுண்டரில் தலையணை வைத்து உட்கார்ந்தேன். உங்கள் கேள்வியைப் பார்த்த பிறகுதான் அது ஞாபகத்துக்கே வந்தது.

மாசக்கடைசி தம்பி, கோபம் இல்லை. நீ சொல்வதில் பாதி சரி. இன்னொரு பாதிக்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மறந்துபோனது ஞாபகம் வந்தால் இங்கே எழுது.

கல்லெழுத்து ஐயா, போன ஞாயிறு தஞ்சாவூர் போய்விட்டு வந்தேன். சுவரில் பாதி எட்டவில்லை, அச்சில் வந்த பாடத்தை வைத்துக்கொண்டு படித்தோம். சுந்தரி, மங்கை, மாதேவி என்று ஒரே பெயரில் பலர் வருகிறார்கள். எந்தக் கோவிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று போட்டுத்தான் பிரித்திருக்கிறார்கள். நாங்களும் ஒரே பெயரில் நான்கு ராஜேஸ்வரி இருந்தால் தெருவை வைத்துத்தான் பாஸ்புக் பிரிப்போம். ஆளுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறந்துபோனால் அல்லது வெளியூர் போனால் அந்தப் பங்கும் வேலையும் அவருடைய உறவில் அடுத்தவருக்கு, அவரும் தகுதியாக இருந்தால். அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்பாவின் வேலைக்கு நான் வந்ததும் அப்படித்தான். உடன் வந்தவர்கள் வடை சாப்பிடப் போய்விட்டார்கள்.

வேலையை விடவில்லை. இப்போதைக்கு. ஸ்கேல் டூ ஐயா சொன்னபடி விடுப்பு பற்றி எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. தொலைநிலைப் படிப்புக்கும் விசாரித்திருக்கிறேன்.

பதவி உயர்வுப் படிவம் 27ஆம் தேதி கொடுத்தேன். 'விருப்பமில்லை'தான், நான்காவது முறையாக. அதில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். மூன்று முறையும் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன். இந்த முறை பேனாவை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊரில் இருக்க வேண்டும்' என்று எழுதினேன்.

மேலாளர் கூப்பிட்டார். முப்பது வயதுப் பையன், வேலூர்ப் பக்கம். "மேடம், ஹெட் ஆபீஸ்ல சிரிப்பாங்க, வேற எழுதிடுங்களேன்" என்றார். நான் காசு படித்த கதையைச் சொன்னேன். வெறும் பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க ஊர்க் கோவில் பின் சுவர்லயும் எழுத்து இருக்கு மேடம், சுண்ணாம்பு அடிச்சு மூடிட்டாங்க. சுண்ணாம்பு எடுத்தா வருமா?" என்றார். வரும், ஆனால் கம்பியால் சுரண்டக் கூடாது, மணல் வீசி அடிக்கவே கூடாது, அனுமதி வாங்கித் தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும் என்றேன். தலையாட்டிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அம்மாவிடம் 'வேலையை விடவில்லை' என்று சொன்னேன். நிம்மதியாகத் தூங்கினார். நாளை கோனேரிராஜபுரம். டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கியாயிற்று, வீட்டுக்காரர் தோசை வார்த்துக் கட்டித் தருகிறேன் என்கிறார், பார்ப்போம்.